புத்தூர்த் தறிகளும் எல்லைச் சுவரும்: ஊரடங்கு வாங்கிய காலம், அதற்குக் கொடுத்த விலை

2020 ஏப்ரல் மாதத்தின் இறுதி வாரத்தில் வேலூர் மாவட்ட நிர்வாகம் ஆந்திர எல்லையில் இரண்டு சாலைகளின் குறுக்கே ஹாலோ பிளாக் கற்களால் சுவர் எழுப்பியது. ஒரு சுவர் குடியாத்தத்திலிருந்து பலமநேர் செல்லும் சாலையில் சைனகுண்டா அருகே எழுந்தது. மற்றொன்று பொன்னையிலிருந்து சித்தூர் செல்லும் வழியில். இரும்புத் தடுப்பும் முள்வேலியும் அங்கே முன்பே இருந்தன. அவற்றைத் தாண்டி இருசக்கர வாகனங்கள் வந்துவிடுகின்றன என்பதே சுவருக்குச் சொல்லப்பட்ட காரணம். சித்தூர் அதிகாரிகளுக்கு முன்கூட்டித் தகவல் இல்லை. நோயாளிகளையும் பால், காய்கறி வண்டிகளையும் என்ன செய்வது என்ற கேள்வி இரு மாநிலங்களிலும் எழுந்தது. ஓரிரு நாளில் சுவர் இடிக்கப்பட்டது. மாவட்ட நிர்வாகம் வருத்தம் தெரிவித்தது.

பெருந்தொற்றுக் கால வரலாற்றில் இது ஒரு சிறு நிகழ்ச்சிதான். ஆயினும் ஊரடங்கின் நன்மையையும் செலவையும் எடைபோட முனைவோர் டெல்லியின் புள்ளிவிவரங்களிலிருந்து தொடங்காமல் இந்தச் சுவரிலிருந்து தொடங்கலாம். நோயைத் தடுக்கும் கோடு எது, அந்தக் கோட்டின் மீது வாழ்பவர் யார் என்ற இரண்டு கேள்விகளையும் அது ஒருசேர எழுப்புகிறது.

சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1 அன்று உருவானது. புத்தூர் அதற்கு முன் வட ஆர்க்காட்டு மாவட்டத்தில் இருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோதும், படாஸ்கர் தீர்ப்பின்படி 1960இல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தபோதும், புத்தூரும் நகரியும் ஆந்திரத்திலேயே நின்றன. அங்கே வீட்டில் தமிழும் அலுவலகத்தில் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் இன்றும் பல. கொள்வினை கொடுப்பினை திருத்தணி, பள்ளிப்பட்டு, ஊத்துக்கோட்டை வரை நீளும். சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையும், அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் இருப்புப்பாதையும் புத்தூரைக் கடந்தே போகின்றன. அந்த இருப்புப்பாதைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1871இல் ராய்ச்சூரில் இரு கம்பெனிகளின் பாதைகள் இணைந்த பிறகு அதுவே சென்னையையும் பம்பாயையும் இணைக்கும் பெருவழியாயிற்று. பம்பாயிலிருந்து எது வந்தாலும், சரக்கோ யாத்திரிகரோ நோயோ, இந்த வழியாகத்தான் வரவேண்டும்.

1896இல் பம்பாயில் பிளேக் தோன்றியது. 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. சில பிரிவுகளே கொண்ட சிறு சட்டம் அது. ஆனால் சோதனை செய்யவும் தனிமைப்படுத்தவும் வீடுபுகவும் அது அளித்த அதிகாரம் மிகப் பெரிது. புனேயில் அந்த அதிகாரம் செயல்பட்ட விதம் யாவரும் அறிந்தது. படைவீரர்கள் வீடுகளுக்குள் நுழைந்தனர், பெண்கள் பொதுவிடத்தில் சோதிக்கப்பட்டனர். 1897 ஜூன் 22 இரவு பிளேக் அதிகாரி ராண்ட் சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டார். சென்னை மாகாணம் வேறு வழியைத் தேடியது. நோய்ப் பகுதியிலிருந்து வரும் எல்லோரையும் முகாமில் அடைத்துவைப்பதற்குப் பதிலாக ஒரு சீட்டு கொடுத்து அனுப்பும் முறை அங்கே வந்தது. மக்கள் அதை 'பிளேக் பாஸ்போர்ட்' என்றே அழைத்தனர். பயணி தன் ஊருக்குப் போகலாம். ஆனால் பத்து நாள், நாள்தோறும், குறிப்பிட்ட அலுவலர் முன் நின்று தனக்குக் காய்ச்சல் இல்லை என்று காட்ட வேண்டும்.

காகிதத்தில் பார்த்தால் அது மனிதத்தன்மை மிக்க ஏற்பாடு. நடைமுறையில் மூன்றாம் வகுப்புப் பயணியே இறக்கிச் சோதிக்கப்பட்டார். முதல் வகுப்புப் பெட்டியின் கதவு அவ்வளவு எளிதில் தட்டப்படவில்லை. கூலிக்காரருக்குப் பத்து நாள் அலுவலர் முன் நிற்பது பத்து நாள் கூலியின் ஒரு பகுதி. விதி யாரையும் விடவில்லை என்று காட்டுவதற்குச் சொல்லத்தக்க நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1899 ஜூனில் கல்கத்தாவிலிருந்து இரண்டாம் முறையாக மேல்நாடு புறப்பட்ட விவேகானந்தர் சென்னைத் துறைமுகத்தில் இறங்க அனுமதிக்கப்படவில்லை. கல்கத்தா பிளேக் பகுதி, ஆகவே தடை. அன்பர்கள் படகுகளில் சென்று கப்பலின் அடியிலிருந்தபடியே அவரைக் கண்டு திரும்பினர். 2020இல் சென்னையிலிருந்து சொந்த ஊர் செல்ல 'இ-பாஸ்' வேண்டி விண்ணப்பித்துக் காத்திருந்தவர்கள் அந்தப் படகுக் கூட்டத்தை அறிந்திருக்க வாய்ப்பில்லை. பெயர் மாறியது, சீட்டு அதுதான்.

இனி இந்தக் கதையின் முக்கியமான திருப்பம். 1896 முதல் 1918 வரை இந்தியாவில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேரைப் பிளேக் கொன்றது. பம்பாய் மாகாணமும் பஞ்சாபும் நிலைகுலைந்தன. சென்னை மாகாணம், சேலம், வட ஆர்க்காடு போன்ற மைசூர் எல்லையை ஒட்டிய சில மாவட்டங்கள் நீங்கலாக, பெரிதும் தப்பியது. சென்னை அரசு இதற்குத் தன் சீட்டுமுறையே காரணம் என்று கருதியிருந்தால் அதில் வியப்பில்லை. கண்காணிப்பு நடந்தது, நோய் வரவில்லை; இரண்டையும் இணைத்துப் பார்ப்பது மனித இயல்பு. ஆனால் 1898இலேயே கராச்சியில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் சிமோன், எலியிலிருந்து மனிதனுக்கு நோயைக் கொண்டுசெல்வது தெள்ளுப்பூச்சி என்று காட்டியிருந்தார். 1905க்குப் பின் பிளேக் ஆராய்ச்சிக் குழு அதை ஐயமற உறுதிசெய்தது. 1910களில் கொழும்பில் ஹர்ஸ்ட் இன்னொரு வேறுபாட்டைக் கவனித்தார். பம்பாயில் மிகுதியாக இருந்த தெள்ளும் கொழும்பு, சென்னை போன்ற இடங்களில் மிகுதியாக இருந்த தெள்ளும் ஒரே இனத்தவை அல்ல. பின்னது நோயைப் பரப்புவதில் திறன் குறைந்தது. தென்னகத்தின் வெப்பமும் தெள்ளுக்கு ஒவ்வாதது.

அதாவது ரயில் நிலையத்தில் மனிதன் நிறுத்தப்பட்டான். தானிய மூட்டையோடு எலி தடையின்றிப் போயிற்று. சென்னை மாகாணம் தப்பியதில் சீட்டுக்கு எவ்வளவு பங்கு, பூச்சிக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துக் காட்ட இன்றும் எவராலும் இயலாது. நோய்க்கட்டுப்பாட்டின் வரலாற்றில் இதுவே மிகக் கடினமான இடம். செய்த செயலின் செலவு கண்முன் நிற்கிறது. செய்யாமல் இருந்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

காலனி அரசு கற்றுக்கொண்ட பாடம் அறிவியலிலிருந்து வந்ததைவிடக் கலவரத்திலிருந்து வந்ததே அதிகம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1898இல் எதிர்ப்பு, கான்பூரில் 1900இல் கலவரம். நூற்றாண்டு திரும்பியபோது கட்டாயப் பிரிப்பு கைவிடப்பட்டது. தாமே வீட்டைக் காலிசெய்து ஊர்ப்புறத்தில் குடிசை போட்டுத் தங்குவதும், ஹாஃப்கின் 1897இல் உருவாக்கிய தடுப்பூசியை விரும்பியவர் போட்டுக்கொள்வதும் கொள்கையாயின. சட்டம் மட்டும் அப்படியே நின்றது. 2020 மார்ச்சில் ஆந்திர அரசு கோவிட் விதிமுறைகளை அறிவித்தபோது ஆதாரமாகக் காட்டியது 1897ஆம் ஆண்டின் அதே சட்டத்தைத்தான்.

இங்கே சொல்லைப் பற்றியும் சிறிது நின்று பேச வேண்டும். 'ஊரடங்கு' என்பது தமிழுக்குப் புதிய சொல் அன்று. ஊர் அடங்கும் வேளை என்றால் இரவு. நாள் முழுதும் இயங்கிய ஊர் தானே ஓய்ந்து அடங்கும் நேரம். 'ஊரடங்கு உத்தரவு' என்று அரசு சொல் ஆனபோது அது கலவரக் காலத்துக்கு உரியதாயிற்று. துப்பாக்கியும் 144 தடையும் அதனோடு சேர்ந்தன. 2020இல் அதே சொல் நோய்க்கும் வந்தது. 'பொது முடக்கம்' என்று மாற்றிப் பார்த்தனர். வழக்கில் ஊரடங்கே வென்றது. எல்லைக்கு அப்பால் தெலுங்கு நாளிதழ்கள் 'லாக்டவுன்' என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டன. இருமொழிப் புத்தூரில் இரண்டும் புழங்கின. அடங்குவது தன்வினை, அடக்குவது பிறவினை. அந்த 68 நாள்களில் எது நடந்தது என்பதே விவாதத்தின் பாதி. 'கொள்ளைநோய்' என்ற பழஞ்சொல்லோ உயிரைக் கொள்வதையும் உடைமையைக் கொள்வதையும் ஒருசேர உணர்த்தியது. நோய் வந்தால் இரண்டும் போகும் என்பதை அந்தச் சொல்லை ஆக்கியவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவிப்பு. நள்ளிரவு முதல் நடைமுறை. பயணிகள் ரயில் அதற்கு இரண்டு நாள் முன்பே நின்றுவிட்டது. திருமலையில் மார்ச் 20 முதலே பக்தர் தரிசனம் நிறுத்தப்பட்டிருந்தது. ஏறத்தாழ 80 நாள் அந்த மலைக்கு யாத்திரிகர் செல்லவில்லை. பூஜை நடந்தது, பக்தர் இல்லை. திருப்பதியில் தங்கும் விடுதி, ஜீப், பூக்கடை, முடியிறக்கும் தொழில், பொம்மைக் கடை எனக் கோயிலை நம்பி வாழும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வருவாய் ஒரே நாளில் அற்றது. அது ஊடகங்களில் பேசப்பட்டது. புத்தூர், நகரி வட்டாரத்தின் விசைத்தறிகள் அவ்வளவு பேசப்படவில்லை.

விசைத்தறியின் பொருளாதாரத்தை அறிந்தால் அது ஏன் ஊரடங்கின் அடியை முழுதாக வாங்கியது என்பது புலப்படும். தறி வைத்திருப்பவரில் பலர் கூலித்தறிக்காரர். பாவு நூலும் ஊடை நூலும் பெரிய வியாபாரியிடமிருந்து வரும். நெய்த துணி அவரிடமே திரும்பும். மீட்டர் கணக்கில் கூலி. அவரிடம் தறி ஓட்டுபவருக்கோ மீட்டரே மாதச் சம்பளம். நூல் வெளியூரிலிருந்து வரவேண்டும், துணி வெளியூருக்குப் போகவேண்டும், உதிரிப் பாகத்துக்கும் பழுது பார்ப்பவருக்கும் வெளியூரையே நம்ப வேண்டும். சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தாலும் கொட்டகை மௌனமாகும். உழவருக்கு ஊரடங்கில் விலக்கு இருந்தது. மாமரம் அரசாணைக்குக் காத்திராமல் காய்த்தது. சித்தூர் மாவட்டத்தின் மாங்கூழ் ஆலைகளுக்குப் பருவத்தில் அனுமதியும் கிடைத்தது. தறிக்கு அப்படி ஓர் இயற்கைக் கெடு இல்லை. அது நின்றால் அழுகிப்போவது எதுவும் இல்லை, நெய்பவரின் அடுப்பைத் தவிர.

நிவாரணம் வரவில்லை என்று சொல்ல இயலாது. ஆந்திர அரசு ஏப்ரல் தொடக்கத்தில் அரிசி அட்டைக் குடும்பங்களுக்கு 1,000 ரூபாயும் விலையில்லா அரிசியும் வழங்கியது. தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டுசென்றனர். பல மாநிலங்களைவிட அது விரைவாக நடந்தது. நெசவாளர்க்கு ஆண்டுக்கு 24,000 ரூபாய் அளிக்கும் 'நேதன்ன நேஸ்தம்' திட்டத்தின் இரண்டாம் தவணையும் ஆறு மாதம் முன்னதாக, 2020 ஜூன் 20 அன்றே வழங்கப்பட்டது. ஆனால் அது சொந்தக் கைத்தறி உள்ள குடும்பங்களுக்கான திட்டம். நாராயணவனத்தில் கைத்தறி வைத்திருப்பவர் அந்தப் பட்டியலில் வரலாம். சில கல் தொலைவில் புத்தூரில் விசைத்தறி ஓட்டும் அவருடைய பங்காளி வரமாட்டார். திட்டம் வகுக்கப்பட்ட காலத்தில் இந்தப் பிரிவுக்கு நியாயம் இருந்தது. கைத்தறியை விசைத்தறியிடமிருந்து காப்பதே நோக்கம். ஊரடங்கில் இருவர் தறியும் ஒன்றுபோல் நின்றபோது அந்த நியாயம் பொருளற்றுப்போயிற்று. செலவை எடைபோடும்போது எவ்வளவு பணம் கொடுத்தோம் என்று கேட்பது போதாது. ஏற்கெனவே வரையப்பட்ட எந்தப் பெட்டிக்குள் யார் விழுந்தார், யார் வெளியே நின்றார் என்றும் கேட்க வேண்டும்.

பள்ளியின் கதையும் இதே போன்றது. ஆந்திரத்தில் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள் நவம்பர் 2 அன்று ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு மட்டும் திறந்தன. இடைக்காலத்தில் தூர்தர்ஷனின் சப்தகிரி அலைவரிசை பாடங்களை ஒளிபரப்பியது. தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சி தமிழில் பாடம் நடத்தியது. ஆனால் அது தமிழ்நாட்டின் பாடத்திட்டம். எல்லைப்புறத்தில் தமிழ்வழிப் பள்ளியில் படிக்கும் ஆந்திரக் குழந்தைக்கு ஒரு பெட்டியில் பாடம் இருந்தது, மொழி இல்லை; மற்றொரு பெட்டியில் மொழி இருந்தது, பாடம் இல்லை.

புத்தூரைப் பற்றிப் பேசும்போது கட்டு வைத்தியத்தை விட்டுவிட முடியாது. தமிழ்நாட்டில் பலருக்கு அந்த ஊரின் பெயர் தெரிவதே 'புத்தூர் கட்டு' என்ற தொடரால்தான். ஊரை ஒட்டிய ராச்சபாளையத்தில் ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக எலும்பு முறிவுக்குப் பச்சிலையும் மூங்கில் பத்தையும் வைத்துக் கட்டிவருகிறது. இரு மாநிலங்களிலிருந்தும் அங்கே ஆள் வருவர். எலும்பு முறிவு ஊரடங்குக்குக் காத்திருக்காது. அந்த வைத்தியத்தின் தரம் பற்றி நவீன எலும்பு மருத்துவர்களுக்கு ஐயங்கள் உண்டு. அது வேறு விவாதம். ஏழைகள் நாடும் மருத்துவம் எதுவாயினும் பயணத்தை நம்பியே இருக்கிறது. பயணம் நின்றால் மருத்துவமும் நிற்கும். இதை நாடு முழுமைக்குமான ஓர் எண் காட்டுகிறது. 2019இல் இந்தியாவில் பதிவான காசநோயாளர் 24.04 லட்சம், 2020இல் 18.05 லட்சம். ஆறு லட்சம் பேருக்குக் காசம் வராமல் போகவில்லை. அவர்கள் கண்டறியப்படாமல் போனார்கள். பசியும் காசமும் நெசவுத் தெருக்களுக்குப் புதியவை அல்ல. பஞ்சுத்தூசு படிந்த நுரையீரலுக்கு இந்த எண்ணின் பொருள் தெரியும்.

இனி மறுதட்டு. ஊரடங்கு தேவையற்ற கொடுமை என்று ஒரே வீச்சில் சொல்லிவிடுவோர் 2020 மார்ச் மாதத்தின் நிலையை மறந்துவிடுகின்றனர். அப்போது தடுப்பூசி இல்லை. நோயின் இறப்பு வீதம் தெளிவாகத் தெரியவில்லை. இத்தாலியின் மருத்துவமனைக் காட்சிகள் எல்லோர் கண்ணிலும் இருந்தன. ஆந்திரத்தில் தொற்றைச் சோதிக்கும் ஆய்வகம் தொடக்கத்தில் திருப்பதி சிம்ஸ் மருத்துவமனையில் மட்டுமே இயங்கியது. சில மாதங்களில் அந்த மாநிலம் மக்கள்தொகை விகிதத்தில் மிகுதியாகப் பரிசோதனை செய்த மாநிலங்களுள் ஒன்றாயிற்று. ஏப்ரலில் காளத்தியில் தொற்று பெருகியபோது அதைக் கண்டுபிடிக்க முடிந்தது இந்தப் பெருக்கத்தால்தான். ஊரடங்கு காலத்தை வாங்கித் தரும் என்பது வெறும் சொல் அன்று. இங்கே அந்தக் காலத்தின் ஒரு பகுதி பயன்பட்டது.

எவ்வளவு உயிர் காக்கப்பட்டது? 2020 செப்டம்பர் 14 அன்று நடுவண் சுகாதார அமைச்சர் நாடாளுமன்றத்தில், ஊரடங்கால் 37,000 முதல் 78,000 இறப்புகள் தவிர்க்கப்பட்டன என்றார். அதே நாளில் அதே நாடாளுமன்றத்தில் தொழிலாளர் அமைச்சகம், ஒரு கோடிக்கும் மேற்பட்ட புலம்பெயர் தொழிலாளர் ஊர் திரும்பினர் என்று கூறியது. வழியில் இறந்தோர் பற்றிய விவரம் இல்லை என்றும் கூறியது. இந்த இரண்டு விடைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும். நிகழாத இறப்புகளுக்கு மதிப்பீடு இருந்தது, நிகழ்ந்தவற்றுக்கு இல்லை. தராசின் ஒரு தட்டில் மட்டும் எடைக்கல் வைத்திருப்பவர் எடை போடவில்லை, தட்டைக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

பொருளாதாரத் தட்டிலும் எச்சரிக்கை வேண்டும். 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையான காலாண்டில் நாட்டின் உற்பத்தி, முதல் மதிப்பீட்டின்படி, முந்தைய ஆண்டைவிட 23.9 விழுக்காடு சரிந்தது. அது முழுவதையும் ஊரடங்கின் கணக்கில் எழுதுவது பிழை. அமெரிக்காவில் கைப்பேசி இருப்பிடத் தரவைக் கொண்டு கூல்ஸ்பி, சிவர்சன் என்ற பொருளியலாளர் செய்த ஆய்வில், கடைகளுக்குச் செல்வோர் 60 விழுக்காடு குறைந்ததில் 7 விழுக்காட்டுப் புள்ளிகளுக்கு மட்டுமே அரசாணை காரணம். மீதி, மக்கள் தாமே அஞ்சி ஒதுங்கியது. 1918ஆம் ஆண்டின் இன்ஃபுளுயென்சாவின்போது முந்திக் கட்டுப்பாடு விதித்த அமெரிக்க நகரங்கள் பொருளாதாரத்தில் பின்தங்கவில்லை என்று கூறும் ஆய்வும் உண்டு. அதன் முறையை மறுப்போரும் உண்டு. ஆனால் அஞ்சி ஒதுங்குவதற்கும் ஒரு வசதி வேண்டும். வீட்டிலிருந்து கணினியில் வேலை செய்பவர் தாமே அடங்கலாம். மீட்டர் கூலிக்குத் தறி ஓட்டுபவர் அஞ்சினாலும் கொட்டகைக்குப் போவார். ஆகவே அமெரிக்காவின் அந்த எண் இங்கே அப்படியே பொருந்தாது. இங்கே ஆணையின் சுமை அதிகம். அதைச் சுமந்தவர் எண்ணிக்கையும் அதிகம்.

ஆணை யார்மீது எப்படி விழுந்தது என்பதற்குத் திருப்பதியின் 2020 ஜூலையைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஜூன் 11 முதல் பொதுமக்களுக்குத் தரிசனம் மீண்டும் தொடங்கியது. ஜூலை நடுவில் தேவஸ்தான ஊழியர் 140 பேருக்குத் தொற்று என்று அறிவிக்கப்பட்டது. அவர்களுள் 14 பேர் அர்ச்சகர். முன்னாள் தலைமை அர்ச்சகர் ஒருவர் இறந்தார். ஜூலை 21 முதல் இரு வாரம் திருப்பதி நகருக்கு ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. கடைகள் முற்பகலோடு மூடப்பட வேண்டும். மலைமேல் தரிசனம் தொடர்ந்தது. யாத்திரிகர் நகருக்குள் நுழையாமல் புறவழியே செல்லலாம் என்பது ஏற்பாடு. நகரத்துக் கடைக்காரர் கடையை மூடிக்கொண்டு, தம் ஊரைச் சுற்றிக்கொண்டு மலையேறும் வண்டிகளைப் பார்க்க நேர்ந்தது. கோயிலைத் திறந்து வைத்ததற்கும் நியாயம் உண்டு, நகரை மூடியதற்கும் நியாயம் உண்டு. இரண்டையும் ஒரே வாரத்தில் ஒரே ஊரில் செய்ததற்கு நியாயம் காண்பது கடினம்.

ஊரடங்கு நோயைத் தடுத்ததா, ஒத்திவைத்ததா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் குருதி ஆய்வு 2020 மே, ஜூன் மாதங்களில் நடந்தது. பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானோரையே தொற்று அதுவரை தொட்டிருந்தது: 0.73 விழுக்காடு. 2020 டிசம்பர், 2021 ஜனவரியில் அது ஐந்தில் ஒருவர்; 2021 ஜூன், ஜூலையில் மூன்றில் இருவர். ஆக, ஒத்திவைத்தது. ஒத்திவைப்பதற்கு இரண்டே பயன்கள்: மருத்துவமனையை ஆயத்தப்படுத்துவது, தடுப்பூசி வரும்வரை தாக்குப்பிடிப்பது. தடுப்பூசி 2021 ஜனவரி 16 அன்று தொடங்கியது. ஏப்ரலில் இரண்டாம் அலை வந்தபோது மிகச் சிலரே இரு தவணையும் போட்டிருந்தனர். பிறப்பு இறப்புப் பதிவேடுகள் மீதியைச் சொல்கின்றன. 2019இல் நாட்டில் பதிவான இறப்பு 76.4 லட்சம், ஊரடங்கு ஆண்டான 2020இல் 81.2 லட்சம், 2021இல் 1 கோடியே 2 லட்சம். 2020, 2021 இரண்டிலும் சேர்த்து 47 லட்சம் மிகை இறப்புகள் என்பது உலக சுகாதார அமைப்பின் மதிப்பீடு. இந்திய அரசு அதை ஏற்கவில்லை. எந்த எண்ணைக் கொண்டாலும் 2020இல் ஒத்திவைக்கப்பட்ட கணக்கு 2021இல் தீர்க்கப்பட்டது என்பது மாறாது.

ஆகவே எடைபோட வேண்டியது ஊரடங்கு சரியா தவறா என்பதை அன்று. முதல் மூன்று வாரத்தை ஏற்றுக்கொள்ளலாம். நான்கு மணி நேர அவகாசத்தை ஏற்க முடியாது. அதன் பின் வந்த நீட்டிப்புகள் ஒவ்வொன்றும், முந்தைய வாரங்களில் என்ன ஆயத்தம் செய்தோம் என்ற கேள்விக்கு விடை தந்த பிறகே வந்திருக்க வேண்டும். காலத்தை வாங்கியவர் அரசு. விலை கொடுத்தவர் தறி ஓட்டுபவர். வாங்கிய பொருளை என்ன செய்தீர்கள் என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.

2021 மே 5 முதல் ஆந்திரம் நாடளாவிய ஆணைக்குக் காத்திராமல் தன் வழியைத் தேர்ந்தது. காலை 6 மணி முதல் நண்பகல் 12 வரை இயக்கம், பின்னர் ஊரடங்கு. முந்தைய ஆண்டின் செலவைக் கண்டதால் வந்த நிதானம் அதில் தெரிந்தது. அலை உயர்ந்த பிறகே வந்தது என்பதும் தெரிந்தது.

ஐந்து நாள் கழித்து, மே 10 இரவு, திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் அழுத்தம் குறைந்தது. தமிழ்நாட்டின் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வரவேண்டிய டேங்கர் லாரி தாமதமாயிற்று. உருளைகளைக் கொண்டு ஈடுகட்ட முயன்றனர். சில நிமிட இடைவெளியில் 11 நோயாளிகள் இறந்ததாக அன்று அரசு அறிவித்தது. உறவினர்கள் கூறிய எண்ணிக்கை அதனினும் மிகுதி. இறந்தோர் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு அறிவிக்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் வழக்கமான வழிகளுள் ஒன்று, திருத்தணி, நகரி, புத்தூர் கடந்து போகும் அதே நெடுஞ்சாலை. முந்தைய ஆண்டு அந்த எல்லையில் தடுப்பு வைத்துக் காத்தது ஓராண்டுக்கும் மேற்பட்ட காலத்தை. அந்தக் காலத்துக்குள் ரூயாவின் ஆக்சிஜன், எல்லைக்கு அப்பாலிருந்து வரும் ஒரு லாரியை நம்பியிராத நிலைக்கு வந்திருக்கவில்லை.